கையொப்பம் யாருடையது?



புற்றுநோய் சிகிச்சைக்காகத் தாயாரை மருத்துவமனையில் சேர்க்கின்றோம். சம்மதப் படிவத்தை நீட்டுகின்றார்கள். மகன் படித்துப் பாராமலே கையொப்பமிடுகின்றார். என்ன நோய் என்பதுகூடத் தாயாருக்குச் சொல்லப்படுவதில்லை. அன்பினால் செய்வதுதான், ஆயினும் ஊசி ஏறுவது அவருடைய உடலில் அல்லவா?

நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்தபோது, வாயோரத்தில் மருந்து ஊற்ற வேண்டாமெனச் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின்மீது இயல்பாக எழும் வெறுப்பு என்றெண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவடைந்ததும் அண்ணலார் அவர்களைக் கண்டித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. திறமையுள்ள மருத்துவர் நோயாளியின் அனுமதியுடன் முறைப்படி சிகிச்சையளித்தும் தீங்கு நேர்ந்தால் அவர்மீது ஈட்டுப் பொறுப்பு இல்லை. அனுமதியின்றிச் செய்தால் உண்டு என்பர் ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர்.

நீதிமன்றங்களும் இதே கேள்வியை எதிர்கொண்டன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒரு பெண்மணிக்குக் கோபால்ட் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. தோலும் விலா எலும்பும் பழுதுற்றன. சிகிச்சைக்கு அவர் சம்மதித்தது உண்மையே. அபாயம் அவரிடம் விளக்கப்பட்டதா என்பதே வழக்கு. விளக்குவது மருத்துவரின் கடமை எனக் கூறி, 1960இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2008இல், மயக்கத்திலிருந்த பெண்ணின் தாயாரிடம் அனுமதி பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்றது. வயது வந்தவருக்கு உயிராபத்து இல்லாத நிலையில், பெற்ற தாயின் சம்மதமும் போதாது!

பக்கவிளைவு வேறு, கவனக்குறைவு வேறு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கலாம்; டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கலாம். இவை நேர்ந்ததாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். வீண்பழி சுமத்துவது நமக்குத் தகாது. ஆனால் செய்யவேண்டிய இதயப் பரிசோதனையைச் செய்யாதிருந்தால், கருத்தரிக்கும் ஆற்றல் போகக்கூடும் என்பதை இளம்பெண்ணிடம் கூறாதிருந்தால் வழக்கிற்கு இடமுண்டு.

அவ்வாறாயின் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடவேண்டும். அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனையெனில், உரிமையியல் நீதிமன்றமே வழி. சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குவிதிகளின்படி 72 மணி நேரத்திற்குள் அவை தரப்பட வேண்டும்.