உங்களுக்குத் தெரியுமா? – அப்பீல்

★ முன்சீப் கோர்ட்டில் நிலவழக்கு தோற்றால் சப் கோர்ட்டில் அப்பீல் போடலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாளுக்குள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 30 நாள்! உயர் நீதிமன்றத்துக்கே போகும் அப்பீல் என்றால் 90 நாள்.

★ தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு, அது தயாராகும் வரை கழியும் நாள்கள் இந்தக் கெடுவில் சேராது. நகலில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: மனுக் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், கையில் வாங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். தயாரான நகலை வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த நாள்கள் உங்கள் கணக்கில்தான் ஏறும். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள்.

★ கெடு தாண்டிவிட்டதா? தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். தக்க காரணம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரம் இருந்தால் கட்டாயம் இணையுங்கள்.

★ அப்பீல் போட்டதும் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். நிற்காது! தடையுத்தரவுக்குத் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால், அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டைக் காலி செய்யச் சொல்லி அமீனா வந்து நிற்கலாம். ஜெயித்தவர் தரப்பும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கேவியட் என்னும் முன்னெச்சரிக்கை மனுவைப் போட்டு வைத்தால் 90 நாள் வரை, அவருக்குத் தெரிவிக்காமல் தடை வாங்க முடியாது.

★ சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் இறந்தார். சொத்து அண்ணன் மகன் வழிக்கா, மகளுக்கா என்ற வழக்கில் இங்குள்ள கோர்ட்டுகள் கைவிட்ட பிறகும் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல் ஜெயித்தார். ஜமீன் தந்தையின் சுய சம்பாத்தியம் என்பதே அவருக்குக் கைகொடுத்தது. 34 வருடம் கழித்து வந்த நியாயம்! 1949 அக்டோபரில் அந்த லண்டன் வழி மூடப்பட்டது.

★ சமரசமாகப் பேசி முடித்து வாங்கிய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. லோக் அதாலத் முடிவுக்கும் கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

★ கோர்ட்டில் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைத் தீர்ப்பு) ஆகிவிட்டால் இரண்டு வழி உண்டு. 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், அப்பீலும் போடலாம்.

★ முதல் அப்பீலிலும் தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் போடும் இரண்டாம் அப்பீலில், சாட்சி சொன்னது உண்மையா, பொய்யா என்று பொதுவாக உயர் நீதிமன்றம் மறுபடி அலசாது. முக்கியமான சட்டக் கேள்வி எழ வேண்டும். 1976 திருத்தம் முதல் இதுதான் விதி. 25,000 ரூபாய் வரையிலான பணவழக்குக்கு இரண்டாம் அப்பீலே இல்லை.

★ செலவுக்கு வழியில்லை என்று அப்பீலைக் கைவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அந்த 30 நாள் முடிவதற்குள்.