செல்லப் பாம்பு வளர்ப்பு... வருமானமா, வம்பா?

நாட்டுக்கோழி, காடை, முயல், வண்ண மீன் என்று உபதொழில் தேடும் இளைஞர்களின் கைப்பேசிக்கு இப்போது பாம்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அலமாரி மாதிரி ஒரு ரேக். அதில் வரிசையாக பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பாம்பு, பின்பக்கம் சூடு தரும் பட்டை. 'ஓர் அறை போதும், நல்ல லாபம்' என்று வீடியோவில் சொல்கிறார்கள். கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையை ஒட்டிய செம்மங்குப்பம் போன்ற ஓர் ஊரில், கொஞ்சம் மல்லாட்டையும் இரண்டு மாடும் வைத்திருக்கும் குடும்பம் இதில் பணம் போடலாமா?

ரேக் எப்படி வேலை செய்கிறது?

பாம்புக்கு நம்மைப் போல உடம்புச் சூடு தானாக வராது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் தின்ற இரை செரிக்கும். வெளிநாடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது 'பால் பைத்தான்' என்ற விஷமில்லாத சிறிய மலைப்பாம்பு. ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்து இனம். இதன் பெட்டியில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். பாம்பு தன் தேவைக்கு ஏற்ப இங்கும் அங்கும் நகர்ந்துகொள்ளும். அதனால் சூட்டுப் பட்டையைப் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே போடுவார்கள். இன்குபேட்டரில் இருப்பதுபோல் சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தி ஓட்டும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாமல் பட்டையை நேராகச் சொருகினால் பாம்பு வெந்துபோகும், வீடும் தீப்பிடிக்கலாம்.

வீடியோக்கள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. இந்த ரேக் குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் தேவைக்குச் செய்தது. கடலூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நாற்பது டிகிரி சாதாரணம். இங்கே சூடு ஏற்றுவது மார்கழி, தை இரவுகளுக்குத்தான் தேவைப்படும். மற்ற மாதங்களில் பெட்டியின் குளிர்ந்த முனையைக் காப்பாற்றுவதுதான் பாடு. அதற்கு ஏ.சி. வேண்டும்.

இனப்பெருக்கமும் வேகமானதல்ல. பெண் பாம்பு முட்டைக்குத் தயாராகவே சுமார் மூன்று வருடம் ஆகும். ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டை. 31, 32 டிகிரியில் 55 முதல் 60 நாள் வைக்க வேண்டும். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பாம்பு முட்டையைத் திருப்பினால் கரு செத்துவிடும். எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, அதே பக்கம் மேலே இருக்கும்படி வைப்பார்கள். நடுவில் மின்சாரம் போனால் மொத்த ஈடும் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல பாம்பு, சாரை, நம் ஊர் மலைப்பாம்பு எதையும் பிடிக்கவோ வளர்க்கவோ விற்கவோ 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 'ஃபாரின் பாம்பு' என்று சொல்லி நாட்டு மலைப்பாம்புக் குட்டியை விற்றுவிட்டால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2022-ல் திருத்தப்பட்ட சட்டமும், 2024-ல் வந்த பதிவு விதிகளும் வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்து வந்த பால் பைத்தான்களை சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் குட்டியை வாங்குவது, திருட்டு மாட்டைச் சந்தையில் வாங்குவதற்குச் சமம்.

புயல் வந்தால்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகளைச் செல்லமாக வளர்த்தார்கள். பெரிதானதும் சிலர் காட்டில் விட்டார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்பு நிலையம் இடிந்து, அங்கிருந்தும் பாம்புகள் தப்பின. இன்று எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் முயலும் நரியும் கண்ணில் படுவதே அபூர்வம். அந்தப் பாம்புகளைத் தேட 2017-ல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது பலா, முந்திரியோடு மின்கம்பங்களும் சாய்ந்து, கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரத்தை நம்பிய ரேக் அப்படிப்பட்ட வாரத்தில் என்ன ஆகும் என்று முதல் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

மின்சாரம் கேட்காத பானை

தமிழ்நாட்டில் சட்டப்படி, தொழிலாகப் பாம்பு வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து இருளர்கள் பிழைப்பு இழந்திருந்த நேரத்தில், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து வருகிறார்கள். வைப்பது மண்பானையில். பாதி மணல், வாயில் பருத்தித் துணி, அவ்வளவுதான். காற்றும் புகும், பானையும் குளிர்ச்சியாக இருக்கும். சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். கழனியில் கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது.

தனி மனிதர் பானை வாங்கி வைத்து இதைச் செய்ய முடியாது. அனுமதி சங்கத்துக்குத்தான்.

வைக்கோல் போரைப் பிரிக்கும்போதோ வரப்பை வெட்டும்போதோ பாம்பு முட்டை கிடைத்தால் இன்குபேட்டரில் வைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பெரும்பாலும் சாரை அல்லது தண்ணீர்ப் பாம்பின் முட்டையாக இருக்கும். ஆனாலும் நல்ல பாம்பும் முட்டைதான் இடுகிறது, தாய் பக்கத்திலேயே இருக்கலாம். மண்ணை மூடிவிட்டு விலகிப் போங்கள். அதைவிட முக்கியம், தடித்து, உடம்பில் சங்கிலி போலப் பட்டை ஓடும் குட்டியைப் பார்த்து 'மலைப்பாம்புக் குட்டி' என்று கையில் தூக்காதீர்கள். அது கண்ணாடி விரியனாக இருக்கலாம். குட்டிக்கும் விஷம் உண்டு. வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.