யார்கூட விளையாடுறது?

விடிவதற்கு முன்பே மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் விழித்துவிடுகிறது. பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் இறங்கும் நேரத்துக்கே மேலூர்ப் பக்கத்து முதல் பேருந்துகளும் வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து இறங்குகிறவர்களில் பெரியாஸ்பத்திரிக்கு இன்சுலின் வாங்கப் போகிறவர்களை அடையாளம் காண எனக்குப் பழகிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். திரும்பும்போது அதில் ஐஸ் கட்டியும், அதன் மேல் படாதபடி துணியில் சுற்றிய மருந்துக் குப்பியும் இருக்கும்.

அப்படி ஒரு தாயும் மகளும் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. டைப் 1 சர்க்கரை நோய். சர்க்கரை உள்ள பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுதவந்திருக்கிறேன் என்று சொன்னதும் தாய் கேட்டார்: "தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாடணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. யார்கூட விளையாடுறதுன்னு சொல்லலையே?"

ஐந்து முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை உள்ள பிள்ளைக்கும் அதே அளவுதான். ஆனால் அந்தத் தாய் கேட்டதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. பிள்ளைகள் சோம்பேறிகள், செல்போனை விடமாட்டார்கள் என்று பேசுவது சுலபம். நான் பார்த்த வீடுகளில் விளையாட்டை நிறுத்தியது சோம்பல் இல்லை, பயம்.

ஒருநாள் பிள்ளை ஓடிவிட்டு வருகிறது. கை நடுங்குகிறது, உடம்பு தொப்பலாக நனைகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறது. மீட்டரில் 54. "சுகர் இறங்கிருச்சு" என்று அக்கம்பக்கம் கூடிவிடுகிறது. அன்றைக்கு முடிவெடுத்துவிடுகிறாள் தாய்: "வேணாம் பாப்பா, வீட்டுலயே இரு." ஊசியை ஒருவேளைகூடத் தவறவிடாத வீடுகளில் ஓட்டம் மட்டும் நின்றுபோவது இப்படித்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓடும் தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதோடு போட்ட ஊசியும் சேர்ந்து வேலை செய்யும். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே ஓடினால் மருந்து இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். சாயங்காலம் ஆடிய ஆட்டத்தின் விளைவு நள்ளிரவுக்குமேல், பிள்ளை அயர்ந்து தூங்கும்போது தெரியும். அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயிடம் "பயப்படாதீங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அது கஷ்டமும் இல்லை. ஆடப்போகும் முன் ஒரு சொட்டு ரத்தம் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் மாவுச்சத்துள்ள எதையாவது சாப்பிட்டு, அது 90-ஐத் தாண்டியபின் போகலாம். 270-க்கு மேலே இருந்து கீட்டோன் என்ற அமிலமும் கூடியிருந்தால், அல்லது வாந்தி, வயிற்றுவலி என்றால், அன்றைக்கு ஆட்டம் இல்லை. நடுவில் 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கடலைமிட்டாயும் சாக்லேட்டும் தருகிறார்கள். இரண்டிலும் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். கடலைமிட்டாயை ஆட்டம் முடிந்தபின் சாப்பிடட்டும். சாயங்காலம் நன்றாக ஆடிய நாளில் ராத்திரி ஊசியின் யூனிட்டைக் குறைக்க வேண்டுமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரைப் பெற்றோர் வாக்கிங் ஒன்றையே பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். ரேஸ்கோர்ஸ் பக்கமும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியும் காலையில் நடப்பவர்களில் பெரும்பாலானோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் 14 வயதுப் பையன் அப்பாவின் நண்பர்களோடு எத்தனை நாள் நடப்பான்? அவனுக்குக் கபடி வேண்டும்.

கபடி வேண்டாத ஆட்டமும் அல்ல. ஒரு ரெய்டு 30 விநாடி. மூச்சைப் பிடித்துப் பாய்கிறான், திரும்புகிறான், நிற்கிறான். இப்படி விட்டுவிட்டு வரும் வேகத்தில் அட்ரினலின் சுரந்து ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். அதனால் ஒரே சீராக ஓடும்போது இறங்குவதுபோல் சர்க்கரை மளமளவென இறங்காது. சில பிள்ளைகளுக்கு ஆட்டம் முடிந்ததும் கொஞ்சம் ஏறியும் இருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் கூடுதல் ஊசி போட்டால்தான் ஆபத்து. மேலூர்ப் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ராத்திரிக் கபடிக்குப் போகிற பையன், வீடு திரும்பியதும் மீட்டரைப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும், நள்ளிரவுக்குமேல் இன்னொரு முறையும் பார்க்கட்டும்.

1999 ஜனவரி சேப்பாக்கம் டெஸ்ட்டை இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 136 ரன் எடுத்து முதுகுவலியோடு ஆடிய சச்சின் அடித்த பந்தைப் பிடித்து அவரை வெளியே அனுப்பியவர் வாசிம் அக்ரம். பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டு வாங்கிய அணியின் கேப்டன் அக்ரம், அப்போது இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த சர்க்கரை நோயாளி. 30 வயதையொட்டி அவருக்கு நோய் தெரியவந்தது. அதற்குப் பிறகும் 2003 உலகக்கோப்பை வரை பந்து வீசினார். தன் நோயை அவர் மறைக்கவில்லை.

மறைப்பதுதான் என்னை வதைக்கிறது. பையன்களாவது தெருவில் ஆடிவிடுகிறார்கள். பெண்பிள்ளைக்குச் சர்க்கரை என்றால் அதைச் சித்தப்பா வீட்டுக்குக்கூடச் சொல்லாத குடும்பங்கள் இங்கே ஏராளம். "நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தெரிஞ்சுட்டா?" என்கிறார்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு வீட்டாருக்குப் பயந்து பன்னிரண்டு வயதுக் குழந்தை பள்ளிக்கூடக் கழிவறையில் ஒளிந்து நின்று ஊசி போட்டுக்கொள்கிறது. பள்ளிக்குச் சொல்லாததால் பி.டி. டீச்சருக்கு விஷயம் தெரியாது. தெரிந்த இடத்தில், "உனக்கு எதுக்கும்மா ரிஸ்க், நிழல்ல உட்காரு" என்று விடுகிறார்கள். அந்த பி.டி. பீரியடையும் பத்தாம் வகுப்பில் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சாயங்காலம் டியூஷன். பெரியவளானபின் பெண் வாசலில் நின்று பந்து விளையாடுவதை எந்தத் தெரு சும்மா விடுகிறது? வீட்டுக்கும் தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவே அவளுக்கென்று மிஞ்சுவது மாடிப்படி மட்டும்தான்.

சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டால் போதும், செல்போன் ஆப் நினைவூட்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். மகளுக்கு நோய் இருப்பதையே வெளியே சொல்லாத வீட்டில் அவள் கையில் சென்சார் ஒட்ட விடுவார்களா?

சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வளரிளம் பெண்களுக்காகத் 'தாண்டவ்' என்றொரு நடனப் பயிற்சியை வகுத்தது. சீக்கிரமே மூச்சு வாங்க வைக்கும் விறுவிறுப்பான ஆட்டம். நோய் வராமல் தடுப்பதற்காக வகுத்ததுதான், ஆனாலும் நோயுள்ள பெண்ணும் பத்துத் தோழிகளோடு ஒரு வகுப்பறையில் ஆடிவிடலாம். மைதானமும் வேண்டாம், தெருவின் அனுமதியும் வேண்டாம். அதே சென்னையில் ஏசியாட் காலனிக்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். சில வருடங்களில் அங்கே உடற்பயிற்சி செய்பவர்கள் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதத்தை நெருங்கினார்கள். இரண்டு இடத்திலும் யாரும் தனியாக இல்லை.

மனிதர்களில் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது 1922 ஜனவரியில், டொராண்டோ நகரில், லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு. எழுந்து நடக்கவே முடியாமல் கிடந்த பையன் அவன். ஊசி வந்தது பிள்ளையை எழுந்து ஓடவைக்கத்தான், ஒளித்துவைக்க அல்ல.

டீ ஆறிவிட்டது. அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல ஒருத்திகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். லஞ்ச் விட்டதும் நானும் அவளும் கொக்கோ ஆடுவோம். அவ பையிலயும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கு."

தாய் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. "கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார்" என்று கண்டக்டர் கத்த, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் கால் வைக்கும்போது மகளிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அந்தப் புள்ள வீடு எந்தப் பக்கம்?"