எழும்ப மறுக்கும் போல்ட்

பெர்த்தில் வேலை பார்க்கும் நண்பர் மகன் விடுமுறைக்குக் கிள்ளான் வந்திருந்தான். அங்கே அவனிடம் உரிமம் பெற்ற ரைபிள் இருக்கிறது. தோட்டாவையும் கடையில் வாங்காமல் தானே நிரப்பிக்கொள்கிறான். பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "அங்கிள், சுட்ட பிறகு போல்ட் கைப்பிடி எழும்ப மாட்டேங்குது. உள்ளங்கையால தட்டினாத்தான் வருது. வெடிமருந்தைக் கொஞ்சம் குறைச்சாப் போதுமா?"

போதுமானதாக இருக்கலாம், போதாமலும் போகலாம். கைப்பிடி எந்த நேரத்தில் கனக்கிறது என்று பார்க்காமல் மருந்தில் கை வைத்தால் நோய் ஒன்றாகவும் வைத்தியம் வேறாகவும் போய்விடும்.

இங்கே உள்ளவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் இது வீட்டு மேசையில் வைத்துச் செய்யும் பொழுதுபோக்கு ஆகாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களை இன்னும் இறுக்கியது. ஆகவே இனி வருவதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், உரிமத்தோடு செய்கிறவர்களுக்கான பேச்சு.

தோட்டா என்பது நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. ஊசி பிரைமரைக் குத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசிந்து நம் முகத்துக்கு வராமல் இருப்பது இதனால்தான். குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் இறங்குகிறது. பித்தளையும் கொஞ்சம் சுருங்குகிறது. மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் போதும், கூடு சிரமமில்லாமல் வெளியே வந்துவிடும்.

அழுத்தம் அளவு மீறும்போது எஃகு அறையும் சேர்ந்து விரிகிறது. எஃகு பழைய அளவுக்கே திரும்பிவிடும். பித்தளையோ தன் தாங்கு எல்லையைத் தாண்டி இழுபட்டுவிட்டதால் முழுதாகத் திரும்பாது. திரும்பிய எஃகு, திரும்பாத பித்தளையைப் பிடித்துக்கொள்கிறது. பிரஷர் குக்கரில் ஆவி இருக்கும்வரைதான் மூடி அடம் பிடிக்கும், ஆவி போனதும் திறந்துவிடும். இங்கே அழுத்தம் எப்போதோ போய்விட்டது, உலோகத்தின் வடிவம்தான் மாறிப்போயிருக்கிறது. அதனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பிடி தளராது.

கைப்பிடியைத் தூக்கும்போது நம் கை செய்கிற வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில், அறையின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் லக்குகள், அதாவது பூட்டு முளைகள், விடுபடுகின்றன. அடுத்து, சரிவான ஒரு விளிம்பு போல்ட்டை இம்மியளவு பின்னால் இழுத்து, கூட்டை அறையிலிருந்து அசைத்துவிடுகிறது. மவுசர் 98 வகையில் இந்தத் தூக்கலிலேயே ஊசியின் சுருள்வில்லும் இறுகுகிறது. லீ-என்ஃபீல்டில் வில் இறுகுவது போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போது, அதனால் திறக்கும்போது கை லேசாக இருக்கும். மவுசர் வகையைப் புதிதாகக் கையில் எடுப்பவர் வில்லின் கனத்தையே கோளாறு என்று நினைத்துவிடலாம்.

எனவே அவனிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்.

அறை காலியாக இருக்கும்போதும் கனக்கிறதா? தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, விசையை இழுத்து, கைப்பிடியைத் தூக்கிப் பார். அப்போதும் கனத்தால் தோட்டா மீது பழி இல்லை. லக்குகள் வறண்டு தேய்கின்றன, அல்லது மணல், பழைய கிரீஸ் அடைத்திருக்கிறது. துடைத்து, லக்கிலும் வில் இறுக்கும் சரிவிலும் கொஞ்சம் கிரீஸ் வை. அறைக்குள் மட்டும் எண்ணெய் கூடாது. எண்ணெயோ மழைத் தண்ணீரோ இருந்தால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, முழு உதையையும் போல்ட் முகத்தில் இறக்கிவிடும்.

சுடாத தோட்டாவை உள்ளே வைத்து மூடும்போதே இறுகுகிறதா? அப்படியானால் அளவில் கோளாறு. இதற்கு மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்று செய்துகொள். கருப்பு மார்க்கர் பேனாவால் அதன் உடல் முழுக்கப் பூசி, அறையில் வைத்து மூடித் திற. மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. தோளில், அதாவது கழுத்துக்குக் கீழ்ச் சரிவில், உரிந்திருந்தால், கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை தோளைப் போதுமான அளவு பின்னால் தள்ளவில்லை. குண்டின் வளைவில் கோடு விழுந்திருந்தால் குண்டு குழலின் வரித்தடங்களை முட்டுகிறது. கழுத்து நுனி தேய்ந்திருந்தால் கூடு நீண்டுவிட்டது. திரும்பத் திரும்ப நிரப்பும் பித்தளை நீளும். நீண்ட கழுத்து, அறை குறுகுமிடத்தில் சிக்கி குண்டை விடாமல் பிடிக்கும், அழுத்தம் எகிறும். கேலிப்பரால் அளந்து வெட்டிவிட வேண்டியதுதான்.

கடையில் வாங்கிய தோட்டாவும் இதேபோல் சிக்குகிறதா? சிக்கினால் அறைச் சுவர் சொரசொரப்பாகவோ துருப்பிடித்தோ அழுக்கேறியோ இருக்கலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோ. கடைத் தோட்டா வழுக்கி வந்து, நீ நிரப்பியது மட்டும் சிக்கினால் கோளாறு உன் மேசையில்.

கடைசிக் கேள்வி: தூக்கலின் எந்தப் புள்ளியில் கனக்கிறது? தொடக்கத்திலேயே கல்லாக இருப்பது ஒன்று. லேசாக எழும்பி, உச்சிக்கு வரும்போது 'டக்'கென்று ஒரு தட்டல் கேட்பது வேறு. இரண்டாவது, பெரும்பாலும் கூட்டின் அடிப்பகுதி, விளிம்புக்குச் சற்று மேலே, பருத்துவிட்டதைக் காட்டும். பல டைகள் அந்த இடத்தைச் சரியாக எட்டிப் பிடிப்பதில்லை. இங்கே மருந்தைக் குறைத்தும் பயன் இருக்காது. அடியை இன்னும் சிறிதாக்கும் டை வேண்டும், அல்லது புதிய கூடு.

அளவுக் கோளாறு ஒரு படையையே தவிக்கவிட்ட கதை வரலாற்றில் உண்டு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் இப்ரஸ் களத்தில் கனடியப் படையினர் தங்கள் நாட்டு ராஸ் ரைபிளோடு நின்றார்கள். நேராகப் பின்னால் இழுக்கும் போல்ட், குறி தவறாத குழல், இறுக்கமான அறை. போர் அவசரத்தில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் .303 தோட்டாக்களில் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தது. வேகமாகச் சுடச் சுட அறை சூடேறி, போல்ட் அசைய மறுத்தது. பூட்ஸ் காலால் உதைத்தும், மண்வெட்டியால் அடித்தும் திறந்தார்கள். போதாக்குறைக்கு, இழுக்கும் ஒவ்வொரு முறையும் போல்ட் தடுப்பில் மோதி, பின் லக் நசுங்கியது. பக்கத்தில் வந்து போரிட்ட இந்திய லாகூர் டிவிஷனிடம் அதே .303 தோட்டாவை உண்ணும் லீ-என்ஃபீல்டு இருந்தது. அதன் அறை தாராளம். சேறும் அளவு வேறுபாடும் அதற்குப் பொருட்டில்லை. பிறகு ராஸின் அறைகளைக் குடைந்து பெரிதாக்கினார்கள். ஆனாலும் கனடாவின் முதல் டிவிஷன் 1915 ஜூனிலேயே லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. மற்ற டிவிஷன்கள் 1916இல் மாறின. அந்த இப்ரஸ் தோட்டாக்களில் மருந்து கூடவில்லை, கூடும் அறையும்தான் பொருந்தவில்லை.

அந்த லீ-என்ஃபீல்டு குடும்பம்தான் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டங்களில் தோளில் தொங்கியது. காட்டுக்கென்று குட்டையாக்கிய நம்பர் 5 ரகத்தையும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். தாராள அறைக்கு ஒரு விலை உண்டு. அதில் சுட்ட கூடு அதிகம் நீள்வதால், மறுபடி மறுபடி நிரப்பினால் அடிக்கு மேலே வளையமாகக் கீறல் விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. .303க்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்த உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ, .308 வின்செஸ்டருக்கு 62,000. பித்தளை வாய்திறந்து முறையிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணையும் தாண்டிய பிறகுதான். பழைய .303இல் போல்ட் கனக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் எல்லை எப்போதோ பின்னால் போயிருக்கும்.

உண்மையிலேயே அழுத்தம்தான் காரணம் என்றால் போல்ட்டோடு சேர்ந்து வேறு சாட்சிகளும் வரும். கூட்டின் அடியைப் பார். போல்ட் முகத்தில், கூட்டை வெளியே தள்ளும் முளை இருக்கும் துளையின் வடிவம் பளபளவென்று வட்டமாகப் பதிந்திருந்தால், பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கி, போல்ட் திரும்பும்போது வழிக்கப்பட்டிருக்கிறது. பிரைமர் தட்டையாகி ஓரம் பரவியிருக்கும். அடுத்த முறை புதுப் பிரைமர் வைக்கும்போது குழி தொளதொளவென்று இருக்கும். வேகமானியில் குண்டின் வேகம் புத்தகம் சொல்வதை மிஞ்சினால் அழுத்தமும் மிஞ்சியிருக்கிறது என்றே கொள். வேகம் சும்மா கிடைக்காது.

"மருந்து அதே அளவுதானே அங்கிள், போன வருசம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். தராசில் எண் மாறாமல் இருந்தும் அழுத்தம் மாறலாம். வேறு நிறுவனத்தின் தடித்த கூடு வாங்கினால் உள்ளிடம் குறையும். புதிய டப்பா மருந்து சற்று வேகமாக எரியலாம். பிரைமர் வகை மாறியிருக்கலாம், குண்டு மாறியிருக்கலாம். வெப்பம் எல்லாவற்றையும்விடக் கள்ளத்தனமானது. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை .303க்குச் செய்த கார்டைட்டானாலும் இன்றைய மருந்தானாலும், சூடான மருந்து வேகமாக எரியும். பெர்த்தின் ஜூலைக் குளிரில் உச்சம் பார்த்து நிரப்பிய தோட்டா, ஜனவரி வெயிலில் கார் இருக்கையில் கிடந்தாலோ, சுட்டுச் சூடேறிய அறையில் காத்திருந்தாலோ அளவு மீறிவிடும்.

ஆக, அவன் செய்ய வேண்டிய வரிசை இது. போல்ட் சிக்கினால் குழல்வாய் பாதுகாப்பான பக்கம் இருக்கட்டும். வெடிக்காத தோட்டாவானால் குறைந்தது 30 விநாடி பொறு. உள்ளங்கைக்கு அடங்காவிட்டால் சுத்தியலைத் தேடாதே, பழுதுபார்ப்பவரைத் தேடு. அந்தக் கூட்டை எறியாமல் அடையாளமிட்டு வை, நோய் அறியும் சீட்டு அதுதான். நான்கு கேள்விகளுக்கும் விடை எழுது. அளவுக் கோளாறானால் அளவைத் திருத்து. அழுத்தமானால் புத்தகத்தின் தொடக்க அளவுக்கு இறங்கு, அதற்குக் கீழேயும் போகாதே. அங்கிருந்து படிப்படியாக ஏறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

"மிச்சம் நாப்பது தோட்டா நிரப்பி வச்சிருக்கேனே?" என்றான் கடைசியாக. சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அவன் முகத்திலேயே தெரிந்தது. குண்டைப் பிடுங்கும் கருவி மலிவு. நாற்பதையும் பிரித்து, மருந்தைக் கொட்டி, கூடுகளை அளந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். ஒரு மாலைப்பொழுது செலவாகும், அவ்வளவுதான்.