விளக்கு இல்லாத மோட்டார்

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஜார்ஜ்டவுன் மெக்கலிஸ்டர் சாலையோரம் நின்று பாருங்கள். வெயில் கண்ணைக் கூச வைக்கும். ஆனாலும் கடந்து போகும் மோட்டார்களில் முன்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிறந்தது முதல் பார்ப்பதால் உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இதற்கு நேர்மாறான மோட்டார் ஒன்று உண்டு. அதில் முன்விளக்கு, பின்விளக்கு, சிக்னல், ஹார்ன் எதுவும் இல்லை. பேட்டரி கூடக் கிடையாது. ஆனால், காலால் ஓர் உதை உதைத்தால் இயந்திரம் உறுமும்.

அதுதான் 'ட்ரயல்ஸ்' மோட்டார். ட்ரயல்ஸ் வேகப் போட்டி அன்று. பாறை, மரக்கட்டை, ஓடை, செங்குத்து மேடு என எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை கால் பட்டால் ஒரு தண்டனைப் புள்ளி. கடக்க முடியாமல் போனால் ஐந்து. புள்ளி குறைந்தவரே வெற்றியாளர். ஸ்பெயின் நாட்டு டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இதில் உலகப் பட்டம் வென்றார். பாறை மேல் மோட்டாரைத் துள்ள வைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். நம் கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ. ட்ரயல்ஸ் மோட்டார் 70 கிலோ அளவுதான். துருத்திக்கொண்டிருக்கும் விளக்குகளோ முதல் விழுதலிலேயே நொறுங்கிவிடும். ஆகவே கழற்றிவிடுகிறார்கள்.

சரி, பேட்டரி இல்லாமல் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எப்படி வரும்?

படிவம் 3 அறிவியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்பிச்சுருளுக்கு அருகே காந்தம் நகர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தது இது. மோட்டார் இயந்திரத்தின் பக்கவாட்டு மூடிக்குள் காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதனுள்ளே கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. நீங்கள் உதைக்கும்போது சக்கரம் சுழல, அந்த ஓர் உதையிலேயே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடுகிறது. 2005இல் வந்த மொன்டேசா கோட்டா 4ஆர்டி என்ற ட்ரயல்ஸ் மோட்டாரில் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சி உண்டு. அதற்கும் பேட்டரி கிடையாது. எல்லாம் அந்த உதையின் புண்ணியம்தான்!

இந்த வகை மோட்டார்களில் தீப்பொறிக்கு ஒரு சுருள், விளக்குக்கு வேறொரு சுருள் என்று இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பது வழக்கம். அதனால்தான் ஒன்றைக் கழற்றினாலும் மற்றது ஓடுகிறது. அப்படியானால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல்.

முன்விளக்கு 35 வாட், பின்விளக்கு 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் முன்விளக்கு ஏறக்குறைய 2.9 ஆம்பியர் இழுக்கும், பின்விளக்குக்கு 0.4 ஆம்பியர் போதும். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல, சுருளில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பல பழைய மோட்டார்களில் அதைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் இல்லை. முன்விளக்கு இழுக்கும் பெரிய மின்னோட்டம்தான் அழுத்தத்தைக் கீழே பிடித்து வைத்திருந்தது. அதை மட்டும் கழற்றினால், ஏறிய அழுத்தம் முழுவதும் சின்னப் பின்விளக்கின் தலையில் விழும். இழை பொசுங்கிப்போகும். முன்விளக்கு போன சில நிமிடங்களில் பின்விளக்கும் போவதைப் பழைய மோட்டார் வைத்திருந்த தாத்தாமார்கள் அறிவார்கள்.

வெட்டக் கூடாத இன்னொரு கம்பி, இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சுக்குப் போவது. வீட்டில் சுவிட்சைத் திறந்தால் விளக்கு அணையும். இங்கே தலைகீழ். பொத்தானை அழுத்தும்போது சுற்று மூடி, தீப்பொறிக்கான மின்சாரம் இரும்புச் சட்டத்தின் வழியே வடிந்துவிடுகிறது; இயந்திரம் நிற்கிறது. அந்தக் கம்பியை வெட்டினால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் இயந்திரம் நிற்காது. ட்ரயல்ஸ் ஓட்டுநர்கள் இந்தச் சுவிட்சோடு ஒரு கயிற்றை இணைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அணையும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அப்படின்னா எங்க அண்ணன் கப்சாய்லயும் விளக்கைக் கழட்டிடலாமா டீச்சர்? எஞ்சின்தான் ஓடுமே!"

எஞ்சின் ஓடும். ஆனால் சாலையில் அந்த விளக்கு எரிவது எஞ்சினுக்காக அல்ல; ஓட்டுபவர் பார்ப்பதற்காக மட்டும்கூட அல்ல. எதிரே வரும் மோட்டார் ஒரு காரைவிட மிகக் குறுகலானது. சந்திப்பில் திரும்பக் காத்திருக்கும் காரோட்டியின் கண் அதைத் தவறவிடுவது எளிது. அதனால்தான் 1992இல் மலேசியா பகலிலும் மோட்டார் விளக்கை எரிய விடுவதைச் சட்டமாக்கியது. பேராசிரியர் ராடின் உமாரும் அவருடைய குழுவினரும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் செய்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு 35 வாட் பல்ப் செய்த வேலை! நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் செல்பவர்கள் என்பதையும் அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

 

இன்றிரவு ஃபாரடேயை நேரில் பார்க்க ஆசையா? சிவப்பு விளக்கில் நிற்கும் பழைய கப்சாய் ஒன்றின் முன்விளக்கைக் கவனியுங்கள். மங்கலாகத் துடித்துக்கொண்டிருக்கும். பச்சை விழுந்து, ஓட்டுபவர் முறுக்கியதும் 'பளிச்' என்று பிரகாசிக்கும்.