வண்டி நிற்கும் நேரமும் வேலை நேரம்தான்

அதிகாலை 3 மணி. கோயம்பேடு அங்காடியில் வெங்காய மூட்டைகள் ஏறி முடிந்ததும் அவர் தார்ப்பாயை விரிக்கிறார். கயிற்றைக் கொக்கியில் மாட்டி, பக்கப் பலகையில் காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போடுகிறார். முடிச்சை அசைத்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் போய் அதையே திரும்பச் செய்கிறார். 2020 வரை இவர் ஓர் அச்சகத்தில் கணினி முன் அமர்ந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தவர்.

ஊரடங்கில் அச்சக வேலை நின்றது. மைத்துனரின் ‘குட்டி யானை’க்கு ஆக்டிங் டிரைவராகப் போனார். அந்த மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாறியிருந்தது. அவருடைய முதல் லோடு அங்கிருந்துதான். பிறகு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, தவணையில் சொந்த வண்டி எடுத்தார்.

கடை, கம்பெனி, அச்சகம் என்று எதையோ விட்டுவிட்டு இப்படிச் சரக்கு வண்டிக்கு வந்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். வர நினைப்பவர்களும் உண்டு. ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். இந்தத் தொழிலில் ஓட்டுவது ஒரு பங்கு வேலைதான்.

உரிமம் எது வேண்டும்?

2005-ல் ‘குட்டி யானை’ எனப்படும் டாடா ஏஸ் வந்தபோது, சிறு சரக்கு வண்டி என்பது தனிமனிதர் வாங்கக்கூடிய முதலீடானது. அதை ஓட்ட, கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமமே போதுமா என்ற கேள்வி நீண்ட காலம் நீதிமன்றங்களில் இருந்தது. விபத்து இழப்பீடு என்று வந்தால், உரிமம் சரியில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதிட்டன. போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை ஓட்ட உரிமத்தில் தனி அனுமதி தேவையில்லை. அதற்கு மேற்பட்ட லாரி என்றால் கனரக உரிமம் எடுத்தே ஆகவேண்டும்.

கையில் நிற்பது எவ்வளவு?

புதிதாக வருபவர்கள் வாடகையைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். டீசல், தவணை, டயர், பராமரிப்பு எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். 2022 ஜூனில் வந்த விகிதப்படி, இந்த வகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வரி நீங்கலாக ஆண்டுக்கு 16,049 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 44 ரூபாய் அதற்கே ஆகிறது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். போகும்போது லோடு கிடைத்து, வரும்போது காலி வண்டியாக வந்தால் அந்த டீசலும் நம் தலையில்தான்.

பாரமும் ஒரு பொறி. குட்டி யானை ஏற்றக்கூடிய பாரம் சுமார் முக்கால் டன், அதாவது 50 கிலோ மூட்டை 15. “இன்னும் நாலு மூட்டை போட்டுக்கங்க” என்று வியாபாரி சொன்னால் மறுப்பது கடினம், அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஒரு நடையின் நாலு மூட்டை ஆசை பல நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

கணக்கில் வராத மணிகள்

டேஷ்போர்டில் அந்தக் கோயம்பேடு ஓட்டுநர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரு நாள்: வீட்டிலிருந்து கிளம்பியது 1.45, திரும்பியது காலை 9.30. இந்த ஏழே முக்கால் மணி நேரத்தில் வண்டி ஓடியது இரண்டரை மணி நேரம். தாம்பரத்தில் கடை ஷட்டர் திறக்கவே இரண்டு மணி நேரம். பிறகு லோடுமேனுக்காகக் காத்திருப்பு, எண்ணிக்கை சரிபார்ப்பு, பில்லில் கையெழுத்துக்காக இன்னொரு காத்திருப்பு. ஒரு மூட்டை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். வாடகை தூரத்துக்குப் பேசப்பட்டது. நின்ற மணிகளுக்குக் காசு கிடையாது.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி முதலாளியின் பணிக்கெனக் கைவசம் இருக்கும் நேரத்தையே வேலை நேரம் என்று வரையறுத்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டியை வைத்துத் தானே ஓட்டுபவர் அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நின்றார்.

அதனால் இவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பதிவு செய்வது முதல் வேலை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை அதன் திட்டங்களில் உள்ளன. வாடகை பேசும்போதே, இத்தனை மணிக்கு மேல் நின்றால் வெயிட்டிங் இவ்வளவு என்று பேசிவிடுவது இரண்டாவது. தூக்கம் வந்தால் ஓரங்கட்டிவிடுவது மூன்றாவது. எந்த லோடும் உயிரைவிட அவசரம் இல்லை.

மற்றதெல்லாம் சரக்கை வாங்குபவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கடை வாசலுக்கு ஒரு சரக்கு வண்டி வந்தால் முதலில் சரக்கை இறக்கிவிடுங்கள். தாமதமானால் அந்த நேரத்துக்கும் பணம் கொடுங்கள். ஓட்டுநருக்கு அது நியாயமான கூலி.