இறங்கும்போதும் ஏறும்போதும்

டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டிய சங்கதி இது.

குதிரையின் விந்தணுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அங்கே அதற்கு ஆபத்து இல்லை. அந்தக் குளிருக்கு இறங்கும் வழியிலும் திரும்ப ஏறும் வழியிலும்தான் அடி விழுகிறது.

அதுவும் ஐஸ் பிடிப்பதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. சுமார் 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வருவதற்குள், அணுவைப் போர்த்தியிருக்கும் சவ்வின் கொழுப்பு மார்கழிக் காலைத் தேங்காய் எண்ணெய்போல இறுகும். எல்லாக் கொழுப்பும் ஒரே சமயத்தில் இறுகுவதில்லை. திட்டுத் திட்டாகப் பிரிகிறது. அந்த ஓரங்களில் சவ்வு கசிந்து கால்சியம் உள்ளே புகுந்துவிடும். பாலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்து மெதுவாகக் குளிர வைப்பது இதைத் தணிக்கத்தான்.

பிறகு வெளியே நீர் உறைய உறைய, மிஞ்சிய திரவத்தில் உப்பு ஏறுகிறது. அணு தன் நீரை இழந்து சுருங்குகிறது. இங்கே கைகொடுப்பது கிளிசரால். 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தணுவில் அதன் பலனைக் கண்டார்கள். 1957இல் கனடாவில் பார்க்கரும் கேண்டியரும் உறைவிந்தால் ஒரு பெட்டைக் குதிரையைச் சினையாக்கிக் காட்டினார்கள். ஆனால் குதிரை விந்தணுவுக்குக் கிளிசராலே ஓரளவு நஞ்சு. அதனால் சில பொலிக்குதிரைகளுக்கு டைமெத்தில் ஃபார்மமைடு கலக்கிறார்கள். சிறிய மூலக்கூறு, சவ்வைச் சுலபமாகக் கடக்கும்.

உருக்கும்போது விந்து அடைத்த அரை மில்லி குழல் குச்சியை 37 டிகிரி நீரில் 30 வினாடி வைப்பார்கள். சுருங்கிக் கிடந்த அணுவுக்குள் நீர் திரும்பப் பாயும். பல அணுக்களின் சவ்வு அப்போதுதான் கிழிகிறது. 30 சதவீதம் முன்னோக்கி நீந்தினாலே வியாபாரத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நீந்துகிறதே என்று நிம்மதியடையவும் முடியாது. கருமுட்டையை நெருங்கும் நேரத்தில் நடக்க வேண்டிய சவ்வு மாற்றங்கள் அதில் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். புது விந்தணு பெட்டையின் உடலுக்குள் இரண்டு நாளாவது தாங்கும். உறைந்து மீண்டதோ ஏறத்தாழ 12 மணி நேரம்தான். கருமுட்டை வெளிவரும் நேரத்தைப் பிடிக்கக் கால்நடை மருத்துவர் நள்ளிரவிலும் எழுந்து ஸ்கேன் பார்ப்பது அதற்காகவே.

உறைவதைத் தாங்குவதில் குதிரைக்குக் குதிரை வித்தியாசமும் பெரிது. பொலிகாளையைத் தேர்வதிலேயே விந்தின் தரத்தைப் பார்க்கிறார்கள். குதிரையிலோ ஓட்டமும் தடை தாண்டும் திறமையும்தான் முன்னால் நிற்கின்றன. இனப்பெருக்கத்துக்கு ஒரு குதிரையை விலை பேசும்போதே, அதன் விந்தை ஒருமுறை உறைய வைத்து உருக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.